எஸ்இ/30 மீண்டும் ஒலித்தது: ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க நண்பர்களுக்கு,

ஏழு மாதங்களாக வரிக்குதிரைக் கோடுகளைத் தவிர வேறெதையும் காட்டாமல் என் மேசையில் கிடந்த, ஆப்பிள் நிறுவனத்தின் பழைய மெக்கின்டாஷ் எஸ்இ/30 கணினி, சென்ற ஞாயிறு இரவு தொடக்க மணியை ஒலித்து, திரையின் நடுவே கேள்விக்குறியுடன் கூடிய ஃபிளாப்பிப் படத்தைக் காட்டியது. பிறர் அதை ஒரு குறையின் அறிவிப்பாகவே பார்ப்பார்கள். எனக்கோ, கணினி தன் நினைவகத்தைச் சோதித்து முடித்து இயங்குதளத்தைத் தேடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியிருக்கவில்லை. அதன் மின்சுற்றுப் பலகை பிழைத்ததில் என் பங்கு சிறிது. யார் என்ன செய்தார்கள் என்பதை எழுதி வைக்காவிட்டால் கடன்பட்டவனாகவே இருப்பேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் எவரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

முதல் நன்றி, பலகையைத் தொடுவதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள் என்று கண்டிப்புடன் சொன்ன ஐயாவுக்கு. பெட்டியைத் திறக்காமலேயே, பின்புறமுள்ள வெளி ஃபிளாப்பி இணைப்பியின் 6ஆம் ஊசியில் 5 வோல்ட்டையும் 7, 8ஆம் ஊசிகளில் 12 வோல்ட்டையும் அளக்கலாம் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குக் கிடைத்த அளவு 4.7 வோல்ட். படக்குழாயில் தேங்கியிருக்கும் உயர் மின்னழுத்தத்தை வெளியேற்றாமல் உள்ளே கை வைக்கமாட்டேன் என்று என்னிடம் உறுதிமொழி வாங்கிய பிறகே, அதைச் சரிசெய்யும் வழியை அவர் விளக்கினார். கோடுகள் அதனால் மறையவில்லை. ஆயினும் அதன்பின் எடுத்த ஒவ்வோர் அளவையும் நம்ப முடிந்தது அவரால்தான்.

அடுத்து, என் கைத்தவறைத் திருத்திய சகோதரிக்கு. 1989இல் விற்பனைக்கு வந்த இந்த மாதிரியின் பலகையில் 47 மைக்ரோஃபாராட், 16 வோல்ட் அளவுள்ள கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் சிறு உறுப்புகள்) பத்து உண்டு. வேறு அளவுகளில் இன்னும் மூன்று. இத்தகைய மேற்பரப்பு அலுமினியக் கெப்பாசிட்டர்களின் உள்ளிருக்கும் திரவம் காலப்போக்கில் கசிந்து, சுற்றியுள்ள செம்பை அரித்துவிடுகிறது. சால்டரிங் கம்பியை வைத்தவுடன் மீன் கவிச்சி அடித்தால் கசிவு உறுதி; என் அறை இரண்டு நாட்கள் அப்படித்தான் மணந்தது. குறட்டால் முறுக்கி எடுப்பது எளிது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நான் இரண்டு பேடுகளை (உறுப்பின் கால் ஒட்டும் செம்புத் திட்டுகளை)ப் பலகையிலிருந்து பிய்த்துவிட்டேன். படத்தைப் பார்த்த சகோதரி ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. பச்சைப் பூச்சைச் சுரண்டிச் செம்புத் தடத்தை வெளிக்கொணர்ந்து, தலைமுடி போன்ற கம்பியால் இணைத்துத் தந்தார். எஞ்சியவற்றை ஃப்ளக்ஸும் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) புதிய ஈயமும் இட்டு, இரண்டு சால்டரிங் கம்பிகளால் இருபுறமும் ஒரே நேரத்தில் சூடாக்கித் தூக்கவும் கற்றுத்தந்தார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய அலுமினிய வகையில் கோடு எதிர்முனையைக் குறிக்கும். நான் வாங்கியிருந்த டான்டலம் வகையில் அதே கோடு நேர்முனையைக் குறிக்கும். என் வரைபடத்தில் பதின்மூன்றும் தலைகீழாக இருந்தன. அவர் கண்ணில் அது படாமல் போயிருந்தால் இந்த மடல் வேறு விதமாக முடிந்திருக்கும்.

கெப்பாசிட்டர்களை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற பேச்சு நம்மிடையே அதிகம். மாற்றினேன்; கோடுகள் அப்படியே நின்றன. இந்தக் கோளாறுக்கு ‘சிமாசிமாக்’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் ‘ஷிமா’ என்றால் கோடு. திரைக்குரிய நினைவகத்தைத் துடைக்கும் அளவுக்குக்கூடத் தொடக்க நிரல் முன்னேறவில்லை என்பதே அந்தக் கோடுகளின் பொருள். தம்முடைய நல்ல கணினியிலிருந்து ரோம் சிம்மை (தொடக்க நிரல் பதிந்த, செருகிக் கழற்றக்கூடிய சிறு அட்டையை)க் கழற்றி எனக்கு அனுப்பிய நண்பருக்கு நன்றி. பலனில்லை என்று அவர் வருந்தினார். ஆனால் என் ரோம்தான் பழுதோ என்ற ஐயம் ஒரே நாளில் தீர்ந்தது.

இந்தக் கட்டத்தில் கையில் கிடைத்த சிப்புகளையெல்லாம் மாற்றத் துணிந்த என்னைத் தடுத்து, மின்துடிப்புகளைத் திரையில் காட்டும் தம் ஆசிலோஸ்கோப்பையும் கொடுத்து, இரண்டு இரவுகள் தொலைபேசியில் உடனிருந்த அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. “எதையும் மாற்றாதே, துடிப்பு எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்” என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. ரோம் சிப்பைத் தேர்ந்தெடுக்கும் சைகை துடித்தது; ஆகவே 68030 செயலி ஓடிக்கொண்டிருந்தது. செயலி தரும் முகவரியை கிடைவரிசை, நெடுவரிசை என இரண்டாகப் பிரித்து நினைவகத்துக்கு அனுப்பும் 74எஃப்253 சிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றின் வெளியீட்டுக் காலில் துடிப்பு தெளிவாக இருந்தது. அது போய்ச் சேர வேண்டிய இடமான, நினைவக அட்டையைச் (சிம்) செருகும் சாக்கெட்டின் 12ஆம் காலில், அதாவது ஆறாவது முகவரிக் கம்பியில், எதுவும் இல்லை. 32 பிட்டுக்காக நான்கு சிம்களும் ஒன்றாக இயங்குவதால், அந்த ஒரு கம்பி அறுந்தால் நான்கும் பயனற்றுப் போகின்றன.

வெட்கத்தை விட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதே தடத்தை முன்பே மல்டிமீட்டரால் சோதித்து, ‘சரி’ என்று குறித்து வைத்திருந்தேன். மீட்டர் ஒலித்தது உண்மைதான். ஆனால் நான் முனையை அழுத்திப் பிடித்தபோது மட்டும், தடத்தைப் பலகையின் மறுபக்கம் கொண்டுசெல்லும் அரிபட்ட துளையின் உட்சுவர் தொட்டுக்கொண்டது. கையை எடுத்ததும் விலகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் குறை ஏதும் தெரியாத அந்தத் துளை, கெப்பாசிட்டருக்கு ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தது. தம் பலகையின் இரு பக்கங்களையும் உருப்பெருக்கியில் பகுதி பகுதியாகப் படமெடுத்து அனுப்பிய அன்பர் இல்லையென்றால், அந்தத் தடம் எங்கே மூழ்கி எங்கே வெளிவருகிறது என்று கண்டிருக்கவே மாட்டேன். கடைசியில் தேவைப்பட்டது ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு கம்பி.

‘தூக்கிப் போட்டுவிட்டு வேறு பலகை பாருங்கள்’ என்று தொடக்கத்திலேயே சொன்னவருக்கும் நன்றி உண்டு. கோடுகள் மறைந்த மறுநாள், சோதனைக்காக நான்கு 1 மெகாபைட் சிம்களை அனுப்பிவைத்தவரும் அவரே.

ரோம் சிம்மை நிலைமின் காப்புப் பையில் இட்டுக் கட்டிவிட்டேன். இந்த வாரம் உரியவருக்கு வந்து சேரும். அண்ணனின் ஆசிலோஸ்கோப்பில் நான் உடைத்த புரோப் கொக்கிக்குப் பதிலாகப் புதியதொன்று அந்தக் கருவியுடனேயே இருக்கும். முகவரிக் கம்பிகள் எல்லாம் எந்தச் சிப்பின் எந்தக் காலிலிருந்து சாக்கெட்டின் எந்தக் காலுக்குச் செல்கின்றன என்று அளந்து நான் வரைந்த தாளின் நகலை உங்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்புகிறேன். இந்த முறை கையை அழுத்தாமல் அளந்தேன்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
பலகையின் உரிமையாளர்