கழுவ வேண்டாம் என்று எழுதியிருந்தேனே, ஐயா!

கார் சர்வீஸ் நிலைய மேலாளர் அவர்களுக்கும், வாட்டர் வாஷ் பிரிவில் வேலை செய்யும் தம்பிகளுக்கும் வணக்கம்.

எந்தக் கார், என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. இரண்டு முறை உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசியாயிற்று. மூன்றாவது முறை வந்தால் குரல் உயர்ந்துவிடும் என்று பயந்துதான், எல்லோரும் பார்க்கும்படி எழுத்தில் வைக்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். வண்டிக்காரர் கழுவச் சொல்லாவிட்டால் கழுவாதீர்கள்.

ஆயில் மாற்றத்தான் வண்டியை விட்டேன். செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் 'கழுவ வேண்டாம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். மாலையில் சாவியைக் கொடுத்த பையன், "வாஷ் ஃப்ரீயா பண்ணிட்டோம் சார்" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான். மேகம் மூடியிருந்ததால் அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வெயிலில் பானெட்டைப் பார்த்தேன். சூரியன் பட்ட இடத்தைச் சுற்றி, பெரிய சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள்.

கீறல்கள் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் ஓடும் மெல்லிய கோடுகளில், வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. அது வெளியே சொல்லாது. கருப்பு காட்டிக்கொடுத்துவிடும். கருப்பை ஏன் வாங்கினீர்கள் என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நானும் ஒன்று கேட்கலாமா? டயரைத் தேய்த்த ஸ்பாஞ்சை அதே வாளியில் முக்கி எடுத்து, கதவையும் ஏன் தேய்த்தீர்கள்? பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் சக்கரத்தில்தானே படிகிறது?

வண்டியை உங்களிடம் விடுவதற்கு முன், அந்தப் பெயின்ட்டைத் தேற்ற நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். முதலில் இரண்டு வாளி வைத்துக் கழுவினேன்: ஒன்றில் ஷாம்பு, மற்றொன்று துணியை அலச மட்டும். அப்புறம் வழுவழுப்புத் திரவம் தெளித்து, களிமண் கட்டி போன்ற கிளே பாரால் ஒட்டியிருந்த அழுக்கை எடுத்தேன். கைவிரல் நகத்தில் மாட்டுகிற கீறல்களை அப்படியே விட்டுவிட்டேன். அவை ஆழமானவை, அவற்றைத் துரத்தினால் கிளியர் கோட்டே, அதாவது நிறத்தின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சே, போய்விடும். மற்றவற்றை, சுழன்றபடியே ஆடும் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷரில் மென்மையான ஃபோம் பேட் போட்டு, இரண்டடிக்கு இரண்டடி கட்டமாக, குறுக்கும் நெடுக்கும் மெதுவாக ஓட்டினேன். கட்டத்துக்குக் கட்டம் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடியும் ஓட்டினேன். பூட் மூடியை முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு நிமிர மறுத்தது. ஆனால் இரவில் தெருவிளக்கு அந்தக் கருப்பில் ஒரே புள்ளியாக விழுந்தது. அதைப் பார்க்கவே இரண்டு முறை வாசலுக்குப் போனேன்.

நீங்கள் அதைக் கழுவ எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிடம் இருக்குமா?

முறையிட்டபோது சரிசெய்து தருகிறோம் என்றீர்கள். நம்பி வண்டியை விட்டேன். வண்டி கண்ணாடி போல வந்தது. நான்கு முறை கழுவியதும் பழைய வலை திரும்பி வந்துவிட்டது. கீறல்களை எடுக்காமல் கிளேஸ் என்ற எண்ணெய்ப்பசைப் பூச்சைப் பூசி நிரப்பியிருக்கிறீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரில் ஒரு முறை துடைத்திருந்தால் அந்தப் பசை போய் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். போதாததற்கு, ஆடாமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி பாலிஷ் மெஷினை அவசரமாக ஓட்டியதில் பானெட் முழுக்க ஹாலோகிராம். வெயிலில் நடந்தால் கூடவே நகரும் நிழல் பட்டைகள். வலையை எடுக்கச் சொன்னேன். வலையின் மேல் ஓவியம் வரைந்து தந்திருக்கிறீர்கள்.

கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் என்றால் கீறலை அழிப்பதல்ல, அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரை சீவுவது. சீவியது திரும்ப வளராது. பேனல் விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியது. ஆக, உங்கள் ஒவ்வொரு இலவச வாஷுக்கும் நான் ஒரு முறை சீவ வேண்டும் என்றால், சில வருடங்களில் சீவ எதுவும் மிஞ்சாது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "செராமிக் கோட்டிங் போட்டுட்டா இந்தக் கவலையே இல்ல சார்" என்றார். அது பெயின்ட்டின் மேல் போடும் ஒரு பாதுகாப்புப் பூச்சு. கீறலைச் சரிசெய்யாமல் மேலே கோட்டிங் போடுவது, கிழிந்த புகைப்படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் மாட்டுவது போல. வண்டியைக் கீறுவதும் நீங்கள், மருந்து விற்பதும் நீங்கள், மறுநாள் போனில் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பதும் நீங்கள். என்னிடம் இரண்டு முறை கேட்டார்கள். பதில் சொல்லாமல் வைத்ததை என் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். வாஷ் தம்பிகளின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு ஸ்பாஞ்சும் ஒரு வாளியும் கொடுத்து, வரிசையாக வண்டிகளை நிறுத்தி, சீக்கிரம் சீக்கிரம் என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? கீழே விழுந்த துணியை எடுத்துத் துடைக்காமலிருக்க மாற்றுத்துணி வேண்டுமே! ஈரத்தை இழுத்துத் துடைக்காமல் ஒற்றி எடுக்க நேரம் வேண்டுமே!

ஆகவே பணிவோடு கேட்கிறேன். வண்டிக்காரர் கழுவ வேண்டாம் என்று எழுதினால், ஸ்டீயரிங்கில் ஒரு அட்டையை மாட்டிவிடுங்கள்; ஜாப் கார்டை யாரும் படிப்பதில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. என் வண்டியை மறுபடியும் சரிசெய்வதாக இருந்தால், முதலில் கருவி வைத்துப் பெயின்ட் தடிமனை அளந்து எனக்குக் காட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் பாலிஷ் போட்டு, ஆல்கஹாலில் துடைத்து, விளக்கடியில் இருவரும் சேர்ந்து பார்ப்போம். அது முடியாது என்றால் தயவுசெய்து தொடாதீர்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த சர்வீஸுக்கு வண்டியைத் தூசியோடுதான் கொண்டுவருவேன். தூசியோடே திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கருப்புக் கார்க்காரன்