ஆறாவது எலியின் முட்டைகள்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், அவர் மறந்துவிடுவார்.

கடைசியில் நீ கேட்டிருந்த கேள்வியோடுதான் வாரம் முழுக்கத் திரிந்தேன். "அந்த எலிகளை எப்படிக் கொல்கிறீர்கள்? அதைப் பற்றி நீ எழுதியதே இல்லையே." உண்மைதான். ஆடு மாடு என்று தினமும் உயிரைக் காப்பாற்றுகிற உனக்கு அதை எழுதக் கூச்சமாக இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் சுண்டெலி முட்டைகளை உடலுக்கு வெளியே விந்தணுவோடு சேர்த்துக் கருவுற வைக்கிறோம். பெண் சுண்டெலிக்கு முதலில் ஒரு ஹார்மோன் ஊசி, ஏறத்தாழ 48 மணி நேரம் கழித்து, முட்டைகளை வெளியேற வைக்கும் எச்.சி.ஜி. என்ற இன்னொரு ஹார்மோன் ஊசி. அதிலிருந்து 13, 14 மணி நேரத்தில் முட்டைகள் கருக்குழாயின் உப்பிய இடத்தில் வந்து நிற்கும். எலியைக் கொன்றுதான் எடுக்கிறோம்.

நான் சேர்ந்தபோது கார்பன் டை ஆக்சைடு பெட்டிதான். ஆறு எலிகளை ஒன்றாக விட்டு வாயுவைத் திறப்போம். யாரும் கையால் எதுவும் செய்ய வேண்டாம் என்பதால் அதுதான் இரக்கமான வழி என்று நானும் நம்பினேன். ஒருநாள் பெட்டியருகே குனிந்து பார்த்தேன். பின்னங்காலில் எழும்பி மூலை மூலையாக முகர்ந்து வழி தேடிக்கொண்டிருந்தன. அந்த வாயு மூக்கின் ஈரத்தில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது, எரியும். போதாததற்கு, எலி மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியே அந்த அமிலத்தை நேரடியாக உணர்ந்து பயத்தைக் கிளப்புகிறது என்று 2009-இல் காட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆய்வகத்தில் கருவுறும் முட்டைகளின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. மைக்ராஸ்கோப்பில் முட்டைகள் உருண்டையாக, அழகாகத் தெரியும். விந்தணுவோடு சேர்த்த மறுநாள் பார்த்தால் இரண்டு செல்லாகப் பிரிந்தவை கொஞ்சமே இருக்கும். விந்தணுவைச் சந்தேகப்பட்டோம், முட்டைகளை வைக்கும் திரவமான மீடியத்தைச் சந்தேகப்பட்டோம், இன்குபேட்டரைக் கழற்றித் துடைத்தோம். கொல்லும் முறையை யாரும் நினைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் கண்ணெதிரேதான் இருந்தது. உடம்பில் அந்த வாயு ஏற ஏற ரத்தமும் திரவங்களும் அமிலமாகின்றன. சாதாரண செல் அதைச் சமாளித்துக்கொள்ளும். சூலகத்தை விட்டு வந்த முட்டையிலோ, அமிலத்தைச் சரிக்கட்டும் புரதங்கள் உறங்கிக்கிடக்கின்றன. கருவுற்றுச் சில மணி நேரம் கழித்துத்தான் விழிக்கும்.  இதயம் நின்றபின் ஆக்சிஜனும் இல்லை. உடல் குளிர்ந்தால் முட்டைக்குள் குரோமோசோம்களைப் பிடித்திருக்கும் கதிர் என்ற நுண்ணிழைக் கட்டு குலைந்துவிடும், அது 37 டிகிரிக்குப் பழகியது. இப்போது ஆறாவது எலியை நினைத்துப் பார். அதன் வயிற்றைத் திறக்கும் முறை வரும்வரை அத்தனை நிமிடமும் அதன் முட்டைகள் அந்தக் குளிரும் உடலுக்குள் கிடந்தன.

சரி என்று முறையை மாற்றினோம். ஒவ்வொரு எலியாக, கழுத்தெலும்பை விலக்கி, உடனே முட்டைகளை எடுத்து வெதுவெதுப்பான மீடியத்தில் விடுவது. பார்க்க அதுதான் கொடூரம், ஆனால் எலிக்குச் சில நொடிதான். கை பழக, முதலில் ஏற்கெனவே இறந்த எலிகளில்தான் செய்து பார்த்தேன். அரைகுறையாகச் செய்தால் வாயுவைவிட மோசம். முதல் நாள் உயிருள்ள எலியில் செய்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றேன்.

முட்டைகள் தேறின. ஆனால் வாயு, காத்திருப்பு இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டோமே, எது காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த அவசரத்துக்கு இன்றும் வருந்துகிறேன். நான் படிக்கும் கட்டுரைகள் பலவற்றில் "எலிகள் கொல்லப்பட்டன" என்று ஒரு வரியோடு தாண்டிப்போகிறார்கள். எப்படி, எத்தனை நிமிடம் என்று இருக்காது. நான் இப்போது இரண்டையும் நோட்டில் குறிக்கிறேன், எத்திக்ஸ் கமிட்டி படிவத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி மிரளும் என்பதால், கூண்டிலிருந்து ஒரு சிறு குழாயில் ஏற்றித்தான் எடுக்கிறோம். அடுத்த மாதம் இரண்டு மாணவர்கள் புதிதாகச் சேருகிறார்கள். கல்லூரியில் கன்றுக்கு ஊசி போடுமுன் அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாயே, எவ்வளவு நேரம் நிற்பாய், அது அடங்கியதை எதை வைத்துத் தெரிந்துகொள்வாய்? விவரமாக எழுது, அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
செல்வி