யாரை அனுப்பலாம் என்று கேட்ட மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அணியிலிருந்து அனுப்பிவிடலாம் என்று ஏழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடுத்த வருஷம் எவ்வளவு சம்பளம் கேட்பார்கள் என்று ஒரு கணக்கு. அடியில் கூட்டுத்தொகை, அதற்கும் கீழே “இவ்வளவு மிச்சம் மாமா!” என்று ஒரு வரி. மதுரையிலிருந்து மினியாபொலிஸுக்குப் படிக்க வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் விளையாட்டு என்றே ஒப்புக்கொள்ளாமல் இருந்தவன், இன்று நம் ஊர் பேஸ்பால் அணியான ட்வின்ஸுக்காகத் தூக்கம் கெட்டு உட்கார்ந்து கணக்குப் போடுகிறாய். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் உன் பட்டியலின் முதல் பெயரைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. “அடிக்கடி காயம், கால் வேகம் இல்லை, ஃபீல்டிங் சுமார், சம்பளம் ஏறப்போகிறது” என்று நாலு காரணம் எழுதியிருக்கிறாய். இதே நாலு காரணத்தை நான் 2002-லும் கேட்டேன். கேட்டுவிட்டு, சரிதான் என்று தலையாட்டவும் செய்தேன். உனக்கு மட்டும் போனில் சொல்லியிருக்கலாம். நவம்பர் பிறந்தால் நம்மைப் போன்ற ரசிகர்கள் எல்லோரும் இதே கணக்கைத்தான் போடுகிறோம் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நான் சொல்வது டேவிட் ஓர்ட்டிஸைப் பற்றி. பாஸ்டன்காரர் என்றுதான் உனக்கு அவரைத் தெரியும். ஆறு சீசன் நம் ஊரில் ஆடியவர் அவர். அப்போது மெட்ரோடோம்தான் மைதானம். காற்றை அடைத்து நிறுத்திய வெள்ளைக் கூரை, கீழே செயற்கைப் புல், வலது பக்கம் 23 அடி உயரத்துக்குத் தொங்கும் பிளாஸ்டிக் சுவர். அந்தச் சுவரை எல்லோரும் ‘பேகி’ என்பார்கள். மேல் தளத்தில் மலிவு சீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன். ஓர்ட்டிஸ் அடித்த பந்து அந்த பேகியில் பட்டால் ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல ஒரு சத்தம் வரும். பந்து அப்படியே செத்துக் கீழே விழும். இன்னும் பத்தடி மேலே போயிருந்தால் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகியிருக்கும் என்று பக்கத்து சீட்காரரோடு சேர்ந்து பெருமூச்சு விடுவேன்.

2002 அவருக்கு என்ன மாதிரியான வருஷம் தெரியுமா? ஜனவரி 1 அன்று அவருடைய அம்மா கார் விபத்தில் இறந்துபோனார். அதற்கு முந்தைய வருஷம் மணிக்கட்டு உடைந்திருந்தது, அந்த வருஷம் முழங்கால் படுத்தியது. அப்படியும் 125 ஆட்டங்களில் 20 ஹோம் ரன், 75 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்). முந்தைய குளிர்காலத்தில் லீகே கலைத்துவிடப் பார்த்த ட்வின்ஸ், அந்த வருஷம் பிரிவில் முதலிடம் பிடித்து, ஓக்லாந்தையும் தோற்கடித்துவிட்டு, அனாஹைமிடம்தான் வீழ்ந்தது.

அப்புறம் டிசம்பர் வந்தது. மேல் லீகில் மூன்று வருஷம் சர்வீஸ் முடித்தவருக்கு ஆர்பிட்ரேஷன் உரிமை உண்டு என்பது உனக்குத் தெரியும். அணியும் ஆட்டக்காரரும் சம்பளத்தில் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் முடிவு செய்வார், பெரும்பாலும் தொகை ஏறத்தான் செய்யும். ஓர்ட்டிஸுக்கு அது 20 லட்சம் டாலரை நெருங்கும் என்று பேச்சு. மொத்தச் சம்பளமே 4 கோடி டாலர் அளவில் ஓடிக்கொண்டிருந்த அணி அது. ஃபர்ஸ்ட் பேஸில், சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருது வாங்கிய டக் மின்கேவிச் இருந்தார். ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங்குக்கு மட்டும் இறங்கும் டிஎச் இடத்துக்கு மாத்யூ லெக்ராய் இருந்தார். இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் சின்ன லீகில் ஜஸ்டின் மார்னோ வளர்ந்துகொண்டிருந்தார். பொது மேலாளர் டெர்ரி ரையன் ஓர்ட்டிஸைக் கொடுத்து யாரையாவது வாங்கப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. டிசம்பர் 16 அன்று விடுவித்துவிட்டார்கள். மறுநாள் பேப்பரில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. காபி குடித்துக்கொண்டே படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அந்தப் பக்கம் திரும்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதுவரை படித்தால் உன் கணக்கு மாதிரியேதான் இருக்கும், தப்பு எங்கே என்றே தெரியாது. காலியான அந்த இடத்தில் யார் வந்தார் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அணி தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும் 40 பேர் பட்டியலில் ஓர்ட்டிஸ் விட்டுப்போன இடத்தை, அதே நாள் நடந்த ரூல் 5 டிராஃப்டில் எடுத்த ஹோசே மோர்பன் என்ற ஷார்ட் ஸ்டாப்புக்குக் கொடுத்தார்கள். டெக்சாஸ் அணியின் சின்ன லீக் பையன். ரூல் 5 என்றால், சில வருஷம் சின்ன லீகில் ஆடியும் சொந்த அணியின் 40 பேரில் இடம் கிடைக்காதவரை இன்னொரு அணி கொத்திக்கொண்டு போகலாம். அப்போது அதற்கு 50,000 டாலர்தான். ஆனால் அடுத்த சீசன் முழுக்க அவரை மேல் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் வேவரில், அதாவது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று விடும் பட்டியலில், போட வேண்டும், வேறு யாரும் எடுக்காவிட்டால் பழைய அணிக்குப் பாதி விலைக்குத் திருப்பித் தர வேண்டும். மோர்பனை ட்வின்ஸால் சீசன் தொடங்கும்வரைகூட வைத்திருக்க முடியவில்லை. வேவரில் பால்டிமோர் எடுத்துக்கொண்டது. மேல் லீகில் அவர் ஆடியது அந்த ஒரு வருஷம்தான்.

ரையனை முட்டாள் என்று சொல்லிவிடாதே. அவர் அந்த டிராஃப்டை நம்பியதற்குக் காரணம் இருந்தது. 1999-இல் அதே ரூல் 5 வழியாகத்தான் ஹூஸ்டனின் ஜோஹன் சன்டானா, ஃபுளோரிடா வழியாக நம் கைக்கு வந்தார். 2000 முழுக்கப் பையன் அடி வாங்கினான், பொறுமையாக வைத்திருந்தார்கள். 2004-லும் 2006-லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினான். அப்படி ஒரு புதையல் கிடைத்த இடத்தில் மறுபடி தோண்டத்தான் யாருக்கும் தோன்றும். ஓர்ட்டிஸை விட்டது தவறு என்று ரையன் பிறகு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார், அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது.

இன்னொன்றையும் கவனி. விடுவிக்கப்பட்ட ஓர்ட்டிஸ் ஐந்து வாரம் சும்மா இருந்தார். மற்ற 29 அணிகளில் எது வேண்டுமானாலும் ஒரு போன் போட்டிருக்கலாம். டொமினிக்கன் குடியரசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்த பெட்ரோ மார்ட்டினெஸ், சேதி தெரிந்ததும் தன் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் போன் மேல் போன் போட்டு, இவரை எடுங்கள் என்று நச்சரித்தார். ஜனவரி 22 அன்று ஒரு வருஷ ஒப்பந்தம், 12.5 லட்சம் டாலர். நாம் கொடுக்கத் தயங்கிய தொகைக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீயே கழித்துப் பார்.

பாஸ்டனுக்கு மட்டும் ஞானக்கண் இருந்ததா? அங்கேதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய சங்கதி இருக்கிறது. 28 வயதில் பொது மேலாளராகியிருந்த தியோ எப்ஸ்டீன் அந்தக் குளிர்காலத்தில் மலிவாகக் கிடைத்த பேட்டர்களை வரிசையாகச் சேர்த்தார். ஜெரமி ஜியாம்பி, பில் முல்லர், டாட் வாக்கர், ஜப்பானுக்கு விற்கப்பட்டுக் கிளம்பவிருந்த கெவின் மில்லர், இவர்களோடு ஓர்ட்டிஸ். டிஎச் இடம் முதலில் ஜியாம்பிக்குத்தான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜியாம்பி .197 சராசரிதான் அடித்தார், அதோடு அவருடைய மேல் லீக் ஆட்டமே முடிந்துபோனது. முல்லரோ .326 அடித்து அந்த வருஷம் அமெரிக்கன் லீகின் பேட்டிங் பட்டத்தை வாங்கினார். ஓர்ட்டிஸ் மே மாதம்வரை பெஞ்சுக்கும் களத்துக்குமாக அலைந்தார். மே கடைசியில் ஷே ஹில்லன்பிராண்டை அரிசோனாவுக்கு அனுப்பிய பிறகுதான் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. சீசன் முடிவில் 31 ஹோம் ரன், 101 ஆர்பிஐ.

யார் முளைப்பார் என்று எப்ஸ்டீனுக்கும் தெரியாது, மருமகனே. ஐந்து விதை போட்டார், முளைத்ததற்குத் தண்ணீர் போக வழி விட்டார். ஹில்லன்பிராண்டை அனுப்பாமல் இருந்திருந்தால் ஓர்ட்டிஸ் அங்கேயும் பெஞ்சிலேயே காய்ந்திருப்பார். மலிவாக வாங்கியது பாதி வேலை. அவருக்கு வாரம் ஆறு நாள் மட்டையைக் கொடுத்து இறக்கியது மீதிப் பாதி. உன் பட்டியலின் பின்பக்கத்தில் “மலிவாக வாங்கலாம்” என்று நாலு பேரை எழுதியிருக்கிறாயே, அவர்கள் எந்த இடத்தில், வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுவார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை.

2004 அக்டோபர், யாங்கீஸோடு அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் நாலாவது ஆட்டம். ரெட் சாக்ஸ் மூன்று ஆட்டம் தோற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே ராத்திரி 12 மணி தாண்டிவிட்டது, உன் அத்தை எப்போதோ படுத்துவிட்டாள், நான் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டாவது இன்னிங்ஸ். ஓர்ட்டிஸ் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். கையுறைக்குள் துப்புகிறார், இரண்டு உள்ளங்கையையும் பட்டென்று சேர்த்து அடிக்கிறார். பால் குவான்ட்ரில் வீசிய பந்து வலது பக்கச் சுவரைத் தாண்டிப் போனது. அங்கே பேகி கிடையாது. அவர் வானத்தைப் பார்த்து விரலை நீட்டினார், அம்மாவுக்கு. அவர் முதுகில் இருந்த 34, நம் கிர்பி பக்கெட்டின் எண். நம் அணி பக்கெட்டுக்காக ஓய்வு கொடுத்துவிட்ட அந்த எண்ணை, அவர்மேல் இருந்த பிரியத்தில் ஓர்ட்டிஸ் பாஸ்டனில் எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷமா, நம்மை விட்டுப் போய்விட்டாரே என்ற வருத்தமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் 14-ஆவது இன்னிங்ஸில் மறுபடியும் அவரே முடித்துவைத்தார். பாஸ்டன் 1918-க்குப் பிறகு முதல் முறையாக உலகத் தொடரை வென்றது. கடைசி அவுட்டுக்கான பந்தை ஃபர்ஸ்ட் பேஸில் நின்று பிடித்தது யார் என்று பார். மின்கேவிச்! நாம் யாரை வைத்துக்கொள்வதற்காக ஓர்ட்டிஸை அனுப்பினோமோ, அவரையும் அந்த ஜூலையில் அனுப்பியிருந்தோம். இரண்டு பேரும் ஒரே கூட்டத்தில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நாமோ அந்த 2004-இல் தொடங்கி பிளேஆஃபில் வரிசையாக 18 ஆட்டம் தோற்றோம், 2023 அக்டோபர்வரை. அந்தத் தோல்வி எல்லாவற்றுக்கும் ஓர்ட்டிஸ் இல்லாததுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒவ்வொரு முறையும் எட்டாவது இன்னிங்ஸில் என் மனசு அவரைத்தான் தேடியது.

இதைப் படித்துவிட்டு யாரையுமே அனுப்பக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதே. அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை அனுப்புவது சரிதான். நமக்கு 2019-இல் கிடைத்த கொண்டாட்டம்கூட மற்றவர்கள் வேண்டாமென்று விட்டவர்களால் வந்தது. முந்தைய சீசனில் 30 ஹோம் ரன் அடித்த சி.ஜே. க்ரானைத் தம்பா பே கழற்றிவிட்டது, வேவரில் எடுத்தோம், 25 அடித்தார். மில்வாக்கி ஒப்பந்தம் நீட்டாமல் விட்ட ஜானதன் ஸ்கோப் 23. சுமார் 1.4 கோடி டாலருக்கு வந்த நெல்சன் க்ரூஸ், 39-ஐத் தொட்ட வயதில் 41. அணி மொத்தம் 307 ஹோம் ரன் அடித்தது, எந்த அணியும் அதுவரை அடிக்காத எண்ணிக்கை. அந்தச் சீசன் முடிந்ததும் நாமும் க்ரானைக் கழற்றிவிட்டோம். ப்ரென்ட் ரூக்கரும் நம் வீட்டுப் பிள்ளைதான். நாம் கொடுத்து, சான் டியேகோவும் கொடுத்து, கேன்சஸ் சிட்டி வேவரில் விட, ஓக்லாந்து எடுத்துத் தினமும் ஆடவைத்தது. 2023-இல் 30 ஹோம் ரன், 2024-இல் 39.

பாஸ்டன் ரசிகர்களும் 2009-இல் நாம் பேசியதையே பேசினார்கள். மே 20 வரை ஓர்ட்டிஸ் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. கை வேகம் போய்விட்டது, அனுப்பிவிடுங்கள் என்றார்கள். அடுத்த ஏப்ரலிலும் அதே கூச்சல். அணி அனுப்பவில்லை. 2013 உலகத் தொடரில் அவருடைய சராசரி .688.

சரி, உன் பட்டியலுக்கு வருகிறேன். இரண்டாவது, நாலாவது, ஏழாவது பெயர்களுக்கு நானும் உன் பக்கம்தான், அந்த இடத்தில் ஆடப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள். ஐந்தாவது பிட்சரை வைத்துச் சண்டை போடலாம், போடுவோம். முதல் பெயருக்கு எதிரே மட்டும் இன்னொரு கட்டம் வரைந்து அனுப்பு. அவர் போனால் 40 பேரில் யார் வருகிறார், அந்த ஆள் ஏப்ரலில் எத்தனை நாள் ஆடுவார், ஜூலையிலும் நம்மிடம் இருப்பாரா என்று எழுது. மிச்சமாகும் தொகையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்துவிடு, அத்தை மீன் வாங்கிவைக்கப் போகிறாளாம். பட்டியலைத் தாளில் எடுத்துக்கொண்டு வா, போன் திரையில் எனக்குக் கண் தெரியவில்லை.

அன்புடன்,
மாமா