தெரு போடும் முன் ஒரு கம்பு நடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கடைசி வருட மாணவர்களின் எடிட்டிங் முடியும்வரை மூச்சுவிட நேரமில்லை, அதனால்தான் தாமதம். அம்மா இப்போது யார் துணையும் இல்லாமல் நடக்கிறார். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், சாயங்காலம் வரை வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உங்கள் கல்லூரியில் பின்பக்க மைதானத்தை ஒதுக்கி, மாணவர் படங்களுக்கு ஒரு தெரு செட் போடும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. படிக்கிற காலத்தில் ஒரே ஒரு சுவர் கிடைக்காதா என்று நாம் அலைந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் இங்கே ஒரு செட்டைப் போட்டு மூன்று வருடம் பார்த்துவிட்டேன். தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

பிளைவுட் வாங்குவதற்கு முன்னால் மைதானத்தின் நடுவில் ஒரு கம்பை நடு. காலையிலிருந்து மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சுண்ணாம்புக் குறி போடச் சொல். மாணவர்களையே செய்ய விடு. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாது. காலையில் எடுத்த வைடு ஷாட்டுக்கும் மதியம் எடுத்த குளோசப்புக்கும் மூக்கின் நிழல் ஒட்டாமல் போகும்போதுதான் ஏறும். அந்தக் குறிகளைப் பார்த்தபிறகு எந்தச் சுவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய். 1893இல் எடிசனின் ஆய்வுக்கூட வளாகத்தில் படம் எடுப்பதற்காகக் கட்டிய ‘பிளாக் மரியா’ ஸ்டுடியோ ஞாபகம் இருக்கிறதா? கூரையைத் திறந்து வெயிலை உள்ளே விட்டார்கள், வெயில் நகர நகரக் கட்டடத்தையே வட்டத் தண்டவாளத்தில் திருப்பினார்கள். நம்மால் தெருவைத் திருப்ப முடியாது. அதனால் போடும்போதே யோசித்துவிட வேண்டும்.

அடுத்தது காற்று. இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஸ்டுடியோவுக்குள் மரச்சட்டத்தில் பிளைவுட் அடித்த 8 அடி செட் சுவரை, அதாவது ஃப்ளாட்டை, ஒரு முட்டும் இரண்டு மணல் மூட்டையும் வைத்து நிறுத்திவிடலாம். வெளியே அதுவே காற்றைப் பிடிக்கிற கப்பல் பாய். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். முதல் வருடம் ஒரு சாயங்காலம் எங்கள் கடைமுகப்பு அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது பின்னால் முழுக்க இரும்புச் சாரம், அதன் கால்கள் கான்கிரீட்டில். இதில் மட்டும் யார் சிக்கனம் பேசினாலும் கேட்காதே.

தெருவை நேர்கோட்டில் போடாதே. நேராகப் போட்டால் கடைசியில் கல்லூரித் தண்ணீர்த் தொட்டி வந்து நிற்கும். 40 அடியிலேயே லேசாக வளைத்துவிடு. முனை கண்ணுக்குத் தெரியாவிட்டால் தெரு இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நம்பிவிடுவார்கள். அப்புறம் கதவு. வெறும் முகப்பில் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் பளீரென்று வெளிச்சம் அடிக்கும். இரண்டு கதவுகளுக்காவது பின்னால் 6 அடி ஆழத்துக்குக் கூரையோடு ஒரு அறை வேண்டும். நடிகர் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற ஷாட் அப்போதுதான் கிடைக்கும். கதவு சாத்துகிற சத்தத்தையும் கவனி. பிளைவுட் தகரடப்பா மாதிரி அதிரும். கதவுச் சட்டத்துக்கு மட்டும் கனமான நிஜ மரம் போடு. சவுண்ட் படிக்கிற பையன்கள் உன்னைக் கும்பிடுவார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. செட்டை முடித்துவிடாதே. எங்கள் தெருவை நான் அழகாக முடித்துவிட்டேன். கதவுக்கு நீல வண்ணம், அதன் மேல் பழசாகத் தெரிய டீத்தண்ணீரும் பழுப்புப் பூச்சும், ஒரு திண்ணை, ஒரு விளக்குக் கம்பம். அவ்வளவு ஆசையாகச் செய்தேன். வருடக் கடைசித் திரையிடலில் ஏழு படங்களில் அந்த நீலக் கதவு வந்தது. நான்காவது படத்திலேயே அரங்கத்தில் முணுமுணுப்பு கேட்டது. படத்தை எடுத்த பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்தேன். அவள் கதையில் தப்பில்லை. அவளுக்கு முன்பே நான் தெருவைக் கற்பனை செய்து முடித்துவிட்டேன், அதுதான் தப்பு.

மறுவருடம் ஒரு பையன் வந்து, ‘சார், கதவைக் கழற்றலாமா?’ என்று கேட்டான். கழற்றினான். அந்த இடத்தில் ஒரு கோணிப்பையைத் தொங்கவிட்டான். தரையில் தண்ணீர் அடித்து, ஒரே ஒரு குண்டு பல்பு வெளிச்சத்தில் ராத்திரியில் எடுத்தான். ஈரத்தரையில் அந்த மஞ்சள் வெளிச்சம் நீளமாக இழுபட்டுக் கிடந்தது. மூன்று வருடம் தினமும் நடக்கிற இடம், எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அதனால் எலும்புக்கூட்டை நிரந்தரமாகப் போடு, தோலை அவர்களிடம் விட்டுவிடு. எல்லாச் சுவர்ப் பலகையும் கடையில் கிடைக்கிற 8க்கு 4 அடி அளவிலேயே இருக்கட்டும். கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஆணியை உருவினால் கழன்றுவிடுகிற கீல். பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, பத்து விதமான கதவும் கடைப்பலகையும் சேர்த்து வை. ஒரு குழு வந்து ஒரு நாளில் தெருவை மாற்றிவிட முடிய வேண்டும். கேமரா படிக்கிறவர்களும் சுத்தியல் பிடிக்கட்டும். சுவரைத் தன் கையால் முட்டுக்கொடுத்து நிறுத்தியவன்தான் அதன்மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பொறுமையாகப் பார்ப்பான். மழைக்குப் பிறகு பலகையின் ஓரங்கள் உப்பும், வண்ணம் உரியும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியதுதான், அந்தச் செலவை இப்போதே கேட்டு வாங்கிவிடு.

அடுத்த மாதம் எனக்கு ஒரு வாரம் விடுமுறை. நீ சரி என்றால் வருகிறேன். நான் வருவதற்குள் கம்பு நட்டு நிழல் குறித்து வைத்திருந்தால், முதல் நாளே தெருவின் வளைவைச் சுண்ணாம்பால் தரையில் போட்டுவிடலாம். மைதானத்தின் நீள அகலத்தையும் எந்தப் பக்கம் வகுப்பறைகள் இருக்கின்றன, மணி எப்போதெல்லாம் அடிக்கிறது என்பதையும் உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி