2019ஆ, 2021ஆ, 2022ஆ என்று கேட்டாயே

பாப்பா,

நீ அனுப்பிய மூன்று விளம்பரங்களையும் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். மூன்றுமே பழைய ஸ்னோமொபைல், பனியில் ஓடும் மலை வண்டி. மூன்றுமே போலாரிஸ் கம்பெனியின் ப்ரோ-ஆர்எம்கே, மூன்றிலும் 850 சிசி என்ஜின், வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான டிராக்கின் நீளமும் ஒரே 155 அங்குலம், வருஷம்தான் வேறு வேறு. "இருக்கிறதிலேயே புதுசு எதுவோ அதை எடுத்துடவாப்பா?" என்று கேட்டிருக்கிறாய். அவ்வளவு சுலபமாக இருந்தால் நான் 2 மணிவரை முழித்திருந்திருக்க மாட்டேன். உன் அம்மா எழுந்து வந்து என்ன பார்க்கிறீர்கள் என்றாள், வானிலை என்று சொல்லி வைத்தேன்.

இந்த வண்டிகளில் மாடல் வருஷம் என்பது ஒரே உயரப் படிக்கட்டு இல்லை. சில வருஷம் சமதரையாகப் போகும், அப்புறம் திடீரென்று ஓர் ஆள் உயரத்துக்கு ஏறும், மறுபடி சமதரை. நீ காசு கொடுக்க வேண்டியது அந்த ஏற்றத்துக்குத்தான், சமதரையில் நடந்ததற்கு இல்லை.

உன் மூன்று வண்டியையே எடுத்துக்கொள். ஆக்சிஸ் என்கிற சட்டகம் மலை வண்டிகளுக்கு வந்தது 2016இல். 850 என்ஜின் வந்தது 2019இல். 2020, 2021 இரண்டிலும் அதே சட்டகம், அதே என்ஜின். 2022இல்தான் மலை வண்டிகளுக்கு மேட்ரிக்ஸ் என்கிற புது சட்டகம் வந்தது, உடம்பு ஒல்லி, உட்காரும் விதமே வேறு, மரங்களுக்கு நடுவே சரிவில் வண்டியைச் சாய்த்துப் போகும்போது முட்டி இடிக்காது. ஆக 2019க்கும் 2021க்கும் நடுவில் நீ கொடுக்கப்போவது பெரும்பாலும் ஸ்டிக்கருக்கும், கொஞ்சம் சில்லறைத் திருத்தங்களுக்கும், இரண்டு வருஷத் தேய்மானம் குறைந்ததற்கும். அந்தத் தேய்மானம் நிஜமாகவே குறைந்திருக்கிறதா என்பதை வருஷம் சொல்லாது, மீட்டர்தான் சொல்லும்.

போட்டிக் கம்பெனியான ஸ்கீ-டூ பக்கமும் இதே கதைதான். அவர்களின் மலை வண்டி சம்மிட். 2016 சம்மிட்டும் 2017 சம்மிட்டும் எண்ணில் ஒரு வருஷம்தான் தள்ளி, ஆனால் 2017இல் நாலாம் தலைமுறை உடலும் 165 குதிரைசக்தி 850 என்ஜினும் சேர்ந்து வந்ததால் இரண்டும் வேறு ஜாதி. அதற்கப்புறம் ஐந்தாம் தலைமுறை 2023இல். இன்னொரு குழப்பம், புது உடல் வந்த வருஷத்திலேயே பழைய உடலில் சில மாடல்களைத் தொடர்ந்து விற்பார்கள், அதனால் வருஷத்தை மட்டும் கேட்காமல் எந்தச் சட்டகம் என்று கேள்.

புது என்ஜினோ புது சட்டகமோ வந்த முதல் வருஷ வண்டி என்றால் நான் கொஞ்சம் தயங்குவேன். குறைகள் வெளியே வருவது வாங்கினவர்கள் ஓட்டிப் பார்த்த பிறகுதான். அப்படி வந்ததைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்திருக்கும், ஆனால் அந்தக் குறிப்பிட்ட வண்டி போய்ச் சரிசெய்துகொண்டதா என்பதுதான் கேள்வி. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் டீலர் பார்த்துச் சொல்லிவிடுவார், ஐந்து நிமிட வேலை.

சேஸிஸ் எண் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வீட்டு மஞ்சள் வண்டி உனக்கு நினைவிருக்கும், நீ ஓட்டப் பழகியதே அதில்தான். அதை 2011 என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். ஒரு சீசன் கழித்து முன்பக்க ஸ்கீயைத் தாங்கும் ஏ-ஆர்ம் ஒன்று ஆர்டர் செய்தேன், வந்தது பொருந்தவில்லை. சந்தேகம் வந்து டன்னலின், அதாவது டிராக்குக்கு மேலே இருக்கும் உலோகக் கூட்டின், வலது பக்கம், கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அழுக்கேறிக் கிடந்த எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் படித்தேன். பதினேழு எழுத்து, அதில் பத்தாவதுதான் மாடல் வருஷம். 2011 என்றால் 'பி' (B) இருக்க வேண்டும், இருந்தது 'ஏ' (A). 2010 வண்டி! விற்ற ஆள் பொய் சொன்னாரா, அவரே ஏமாந்தவரா என்று இன்றைக்கும் தெரியாது, ஒரு வருஷத்துக்கான பணம் போனது போனதுதான். உனக்கு வேண்டியது 2019க்கு 'கே', 2020க்கு 'எல்', 2021க்கு 'எம்', 2022க்கு 'என்'. 2023 என்றால் 'ஓ' இல்லை, சுழியத்தோடு குழம்பும் என்று அதைத் தாண்டி 'பி'க்கு (P) போய்விடுவார்கள்.

வாங்கிய தேதியையும் நம்பாதே. அடுத்த வருஷ மாடலை பிப்ரவரி மார்ச்சிலேயே காட்டி, வசந்தத்தில் முன்பணம் வாங்கி, இலையுதிர் காலத்தில் கையில் கொடுப்பார்கள். 2021 கடைசியில் வாங்கினேன் என்பவர் வைத்திருப்பது 2022 மாடலாகவும் இருக்கலாம், விற்காமல் நின்றுபோன 2021 ஆகவும் இருக்கலாம்.

உயரத்தையும் கணக்கில் எடு. டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும், 8000 அடியில் 165 குதிரை ஏறக்குறைய 125 ஆகிவிடும். ஸ்கீ-டூ 2020இல் கம்பெனியிலேயே டர்போ வைத்த டூ-ஸ்ட்ரோக்கைக் கொண்டுவந்தது, போலாரிஸ் 2022இல். நீ பார்த்த 2022 டர்போ இல்லை, வெறும் 850. உனக்கு அது போதும் என்றுதான் நினைக்கிறேன், முதல் இரண்டு சீசன் நீ பனியில் புதைந்த வண்டியைத் தோண்டத்தான் போகிறாய்.

பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. போனதும் பானெட்டைத் திறந்து கையை வைத்துப் பார், சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியோ என்று சந்தேகப்படு. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்க்கச் சொல், இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். டன்னலில் மடிப்பு விழுந்திருக்கிறதா, டிராக்கில் பல் கிழிந்திருக்கிறதா, முன்பக்கம் ஒரு போல்ட் மட்டும் பளபளவென்று இருக்கிறதா பார், பளபளக்கும் போல்ட் எதிலோ மோதிய கதையைச் சொல்லும். மீட்டரில் ஓடிய மைலை ஓடிய மணியால் வகுத்துப் பார், சராசரி வேகம் தெரியும். 2000 மைல் என்பது சமதரை வண்டிக்கு ஒன்றுமில்லை, மலை வண்டிக்கு அது பெரிய எண், நிறைய நேரம் முழு ஆக்சிலேட்டரில் ஏறியிருக்கும். அந்த 2019 வண்டி 900 மைல்தான் ஓடியிருக்கிறது, 2021 ஓடியது 2400. இப்போது சொல், எது புதுசு?

என் ஓட்டு 2019க்கு, கம்ப்ரெஷனும் கம்பெனி திருத்தமும் சரியாக இருந்தால். மேட்ரிக்ஸ்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் கடன் வாங்காமல் முடிகிறதா பார்த்து 2022ஐ எடு, தப்பில்லை. நடுவில் இருக்கும் 2021தான் எனக்குப் பிடிக்கவில்லை.

எதை எடுத்தாலும் பனிச்சரிவுக் கருவிகளுக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வை. டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டும் சிக்னல் கருவி), மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் வேண்டும், மண்வெட்டியும் கம்பியும் முதுகுப் பையில் இருக்கட்டும், வண்டியில் கட்டிவைத்தால் வண்டியோடு போய்விடும். புதைந்தவருக்கு இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம், உதவிக்கு ஆள் வரும்வரை அது தாங்காது, கூட வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். அதனால் உன் கூட வருபவர்களுக்கும் தேடத் தெரியுமா என்று கேள். பயிற்சி வகுப்புக்குப் பணம் நான் அனுப்புகிறேன், இதில் வாதம் வேண்டாம். டிரான்ஸீவர் பக்கத்தில் போனை வைக்காதே, சிக்னலைக் கெடுக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைத் துடைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு, பத்தாவது எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். என் நம்பருக்கே அனுப்பு, வீட்டுக் குழுவில் போடாதே. அம்மாவிடம் 165 குதிரை என்று மட்டும் சொல்லிவிடாதே, நான் இன்னும் வானிலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா