ஓவிய நோட்டில் இருந்த சின்னம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு தந்தை, எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளின் ஓவிய நோட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். நடுவில் நான்கு பக்கங்கள் கிழிந்திருந்தன. கிழித்தது அவர்தான். "மேடம், ஹிட்லர் சின்னத்த வரைஞ்சு வச்சிருக்கா. ஜப்பான் கார்ட்டூனப் பாத்துப் பாத்துதான் இப்படி" என்றார். கோபத்தைவிடப் பயம்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. அதே வாரம் இரண்டு தாய்மார்கள் வந்து, பிள்ளைகள் பேய், பிசாசு பொம்மைகளைப் பையில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள், பள்ளி இதைத் தடுக்க வேண்டும் என்றார்கள். காலை வழிபாட்டில் சில பையன்கள் விரல்களைப் பின்னி ஏதோ முத்திரை பிடித்து நிற்பதை நானும் கவனித்திருந்தேன்.

என்னவென்று தெரியாத ஒன்றைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளிடமே அவர்கள் பார்க்கும் ஜப்பானியத் தொடர்களின் பட்டியலை வாங்கி, விடுமுறையில் உட்கார்ந்து பார்த்தேன், படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் அந்தச் சின்னம். அது நம் ஸ்வஸ்திகாதான். புத்த சமயத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு மன்ஜி என்று பெயர். பெரும்பாலும் கைகள் இடப்பக்கம் திரும்பியிருக்கும். ஜப்பானிய வரைபடங்களில் புத்தர் கோயில் இருக்கும் இடத்தை இன்றும் இந்தக் குறியால்தான் காட்டுகிறார்கள். ஹிட்லரின் நாஜிக் கட்சி 1920-ல் எடுத்துச் சாய்த்து வைத்துக்கொண்டது வலப்பக்கம் திரும்பிய வடிவத்தை. அந்தப் பெண்ணை அழைத்துக் கேட்டேன். "இது கோயில் சின்னம் மிஸ், மேப்ல கோயிலுக்கு இதத்தான் போடுவாங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. கிழிப்பதற்கு முன் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அதோடு விட்டுவிடவும் முடியாது. அவள் வரைந்தது 'டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்' தொடரில் வரும் மோட்டார் சைக்கிள் கும்பலின் சின்னம். வெளிநாடுகளில் அந்தத் தொடரை வெளியிட்டபோது சின்னத்தை மறைத்தார்கள். 60 லட்சம் யூதர்களைக் கொன்றவர்களின் கொடியை அது ஒரு கூட்டத்துக்கு நினைவூட்டும் என்பதே காரணம். 'டீமன் ஸ்லேயர்' தொடரின் நாயகன் தஞ்சிரோவின் காதணியில் இருக்கும் உதயசூரியனைக் கொரிய வெளியீட்டில் மாற்றி வரைந்ததும் இதுபோலத்தான். ஜப்பான் படையிடம் அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டுக்கு அந்தக் கதிர்கள் வேறொன்றைச் சொல்கின்றன. ஒரே கோடு ஒருவருக்குக் கோயில், இன்னொருவருக்குக் காயம். பதின்மூன்று வயதுப் பிள்ளையால் இதைப் புரிந்துகொள்ள முடியும். வகுப்பில் சொன்னபோது ஒருவர்கூட அசையாமல் கேட்டார்கள்.

அடுத்து, பிள்ளைகள் பிடிக்கும் முத்திரை. 'நருட்டோ' தொடரில் நிஞ்ஜாக்கள் எலி, எருது, புலி என்று சீன மரபின் பன்னிரண்டு ராசி விலங்குகளின் பெயரில் கைமுத்திரை பிடிக்கிறார்கள். அது கதாசிரியரின் கற்பனை. ஆனால் கையில் முத்திரை, வாயில் மந்திரம் என்ற வழக்கம் இங்கிருந்து போனது. கூக்காய் என்ற ஜப்பானியத் துறவி 804-ல் சீனாவுக்குப் போய் மந்திர வழிப் பௌத்தத்தைக் கற்று, 806-ல் ஊர் திரும்பினார். அவர் கொண்டுபோன மந்திரங்கள் சமஸ்கிருதத்தில், சித்தம் என்ற எழுத்தில் இருந்தன. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்து அது. இன்றும் ஜப்பானிய இடுகாடுகளில் அதைப் பார்க்கலாம்.

நான் தமிழாசிரியராக இருந்தவள். அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானியக் குழந்தை அரிச்சுவடி படிக்கும்போது அ, இ, உ, எ, ஒ என்று தொடங்குகிறது. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ முற்காலத்தில் ப ஆக ஒலித்தது. இப்போது நம் மெய்யெழுத்து வரிசையைச் சொல்லிப் பாருங்கள். சமஸ்கிருத ஒலிகளைக் கற்ற புத்தத் துறவிகளின் வழியாக அவர்களுக்குக் கிடைத்த ஒழுங்கு இது. கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். எப்போதும் தூங்கி வழியும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, தானாகவே இரண்டையும் சேர்த்து வாசித்தான். முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன்.

பேய், பிசாசு என்று நீங்கள் பயப்படும் உருவங்களில் பலவற்றை நமக்கே தெரியும். 'டிராகன் பால்' கதையில் மேசை போட்டு உட்கார்ந்து செத்தவர்களின் கணக்குப் பார்க்கும் என்மா வேறு யாருமில்லை, நம் எமன்தான். பிவா என்ற நரம்புக் கருவியை ஏந்தியிருக்கும் பென்சைட்டன் நம் சரஸ்வதி. ஜப்பானுக்கே உரிய தெய்வங்களும் உண்டு. 'நருட்டோ'வில் வெறும் தாக்குதல்களின் பெயராகப் பிள்ளைகள் கத்தும் அமதெராசு, சுசானோ இருவரும் 712-ல் தொகுத்த 'கோஜிகி' நூலில் வரும் அக்காவும் தம்பியும். தம்பியின் அட்டூழியம் தாங்காமல் சூரிய தேவதையான அக்கா குகைக்குள் போய் அடைத்துக்கொள்ள, உலகமே இருண்டுவிடுகிறது. வெளியே தேவர்கள் கூடி ஆடிச் சிரிக்க, என்ன சிரிப்பென்று எட்டிப் பார்க்கிறாள், வெளிச்சம் திரும்புகிறது. இந்தக் கதையை ஓர் இரவு உங்கள் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள்.

'ஸ்பிரிட்டட் அவே' படத்தை மட்டும் நீங்களும் சேர்ந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2001-ல் வந்தது, ஆஸ்கர் வாங்கியது. சேறும் நாற்றமுமாகக் குளிக்க வரும் ஒரு தெய்வத்தின் உடம்பிலிருந்து பழைய சைக்கிளையும் குப்பைகளையும் ஒரு சிறுமி பிடித்து இழுக்கிறாள். எல்லாம் வெளியே வந்தபிறகுதான் தெரிகிறது, அது ஒரு நதியின் தெய்வம். ஆறு சுத்தம் செய்யப் போன தன் அனுபவத்திலிருந்து இயக்குநர் மியசாகி எடுத்த காட்சி அது.

வாள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகத்தான் இருப்பேன். மூன்று வாரங்களுக்கு முன் கிரிக்கெட் ஸ்டம்பை வாளாக வீசியதில் ஏழாம் வகுப்புப் பையனுக்குப் புருவத்தில் மூன்று தையல் போட்டோம். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். இனி பள்ளி வளாகத்தில் ஸ்டம்ப், ஸ்கேல், குச்சி எதையும் வாளாக ஓங்கக் கூடாது.

சாமுராய் என்ற பழைய ஜப்பானியப் போர்வீரர் என்றாலே சண்டை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1603 முதல் 1868 வரை ஜப்பானில் பெரும்பகுதி அமைதிக்காலம். சாமுராய்களில் பலர் வாளை இடுப்பில் செருகிக்கொண்டு அலுவலகத்தில் கணக்கு எழுதினார்கள். 1876-ல் பொது இடத்தில் வாள் அணியவே அரசு தடை போட்டது. 'டீமன் ஸ்லேயர்' நடப்பது அதற்கும் பிந்திய காலத்தில். அதனால்தான் ரயில் நிலையத்தில் வாளைப் பார்த்ததும் போலீஸ் துரத்துகிறது.

சாமுராய் வழி வந்த நிதோபே இனாசோவிடம் பெல்ஜியப் பேராசிரியர் ஒருவர், "உங்கள் பள்ளிகளில் சமயப் பாடம் இல்லையென்றால் ஒழுக்கத்தை எப்படிக் கற்றுத்தருகிறீர்கள்?" என்று கேட்டாராம். அதற்கு விடையாகத்தான் புஷிடோ என்ற சாமுராய் ஒழுக்க நெறி பற்றிய நூலை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். நேர்மை, துணிவு, இரக்கம் எல்லாம் அதில் உண்டு. அதே புஷிடோவின் பெயரைச் சொல்லித்தான் 1944, 45-ல் இளைஞர்களை விமானத்தோடு கப்பல்மேல் மோதிச் சாக அனுப்பினார்கள். உயிரை விடுவது பெருமை என்று பேசும் காட்சிகள் இந்தத் தொடர்களில் வரும்போது, தயவுசெய்து நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு பேசுங்கள். அதற்கு எதிர்ப்புறமும் அங்கேயே இருக்கிறது. தன்னைக் கொல்ல வந்த அரக்கன் மடிந்து கிடக்கையில், அவன் உடையை மிதித்து நிற்பவரிடம் காலை எடுக்கச் சொல்கிறான் தஞ்சிரோ.

செல்போனில் தொடர் தொடங்கும்போது எந்த வயதினருக்கு ஏற்றது என்று காட்டும் யுஏ 7+, 13+, 16+, ஏ (பெரியவர்களுக்கு மட்டும்) என்று ஒரு குறி வரும். அதைப் பாருங்கள். கார்ட்டூன் என்பதால் எல்லாமே சிறுவர்களுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 'டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்' எட்டாம் வகுப்புக்கு உரியதல்ல என்று அந்தப் பெண்ணிடமே சொன்னேன்.

இந்த மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஓவிய அறையில், எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் வரைந்த உருவங்களை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள கதையைச் சொல்வார்கள். கிழிந்த நான்கு பக்கங்களையும் அவள் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறாள். அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வர விரும்புகிறவர்கள் பிள்ளையின் டைரியில் எழுதி வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். முன்வாசலில் வேலை நடப்பதால் மைதானத்துப் பக்கக் கதவு திறந்திருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்