கேள்வி கேட்காத கணக்காளர்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நலமறிய ஆவல். எட்டு மாதங்களாக எழுதாததற்கு நான் சொல்லும் எந்தக் காரணமும் உன்னிடம் எடுபடாது என்பதால் மன்னிப்பை மட்டும் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் தொழிலின் கணக்குவழக்குகள் முழுவதையும் உன் மைத்துனரிடம் ஒப்படைக்கப் போவதாக ஊர்ச் செய்தியெல்லாம் பரப்பும் நம் 'வானொலி நிலையத்தார்' தெரிவித்தார். கணக்குப் பாடத்தில் நாற்பதைத் தாண்டாத உனக்கு, ஐம்பத்திரண்டு வாங்கியதைப் பத்து ஆண்டுகள் சொல்லித் திரிந்த நான் அறிவுரை எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் நான் பட்டதை நீ படக் கூடாது.

என் பழைய கணக்காளர் நல்ல மனிதர். நான்கு ஆண்டுகளில் அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஆண்டு முடிவில் இரசீதுகளையும் வங்கி அறிக்கையையும் ஒரு பையில் போட்டுக் கொடுப்பேன்; சில வாரங்களில் கையெழுத்துப் போடவேண்டிய தாள்கள் வரும். அந்த மௌனத்தைத் திறமை என்றே நினைத்திருந்தேன். தொழிலை விரிவாக்க மேலும் கடன் கேட்டு வங்கிக்குப் போன அன்று, அங்கிருந்த அதிகாரி என் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையைப் புரட்டிவிட்டு, "நீங்கள் ஏற்கெனவே எங்களிடம் வாங்கிய கடன் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எங்கும் இல்லை. கடனாக வந்த பெருந்தொகையை விற்பனை வருமானமாகவே எழுதி வைத்திருந்தார் நம்மவர். அந்த ஆண்டு இலாபம் ஊதிப் பெருத்தது. கடனுக்கு வருமான வரி கட்டிய புண்ணியவான் ஆனேன். அடுத்தடுத்த ஆண்டுகளில் திருப்பிக் கட்டிய தவணைகளை, அசல் வேறு வட்டி வேறு என்று பிரிக்காமல், முழுவதையும் செலவில் சேர்த்ததால் அந்த ஆண்டுகளின் இலாபம் தேவையில்லாமல் இளைத்தது.

இத்தனைக்கும், எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பற்று, வரவு என்று இரு பக்கமாகக் கூட்டிப் பார்க்கும் இருப்பாய்வில் இரண்டும் சரியாகவே இருந்தன என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி என்ற துறவி அச்சில் விளக்கிய, ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றிலும் வரவிலும் எழுதும் இரட்டைப் பதிவு முறை, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். வந்த பணம் கடனா வருமானமா என்று அதற்குத் தெரியாது. வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டிருந்தாலும் தொகை பொருந்தியிருக்கும். "இது எதற்காக வந்த பணம்?" என்று யாராவது ஒருவர் வாய்திறந்து கேட்டிருந்தால் அல்லவா பிழை பிடிபட்டிருக்கும்?

இப்போது பார்ப்பவர் ஓர் அம்மையார். முதல் சந்திப்பிலேயே என்னைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திவிட்டார். பணத்தை வாங்குபவர் யார், அதைப் பதிவு செய்பவர் யார், இருவரும் ஒருவரேயா. வாடிக்கையாளர்களின் பாக்கி சராசரியாக எத்தனை நாளில் வருகிறது. விற்காமல் கிடக்கும் சரக்குக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறீர்கள். வீட்டுச் செலவு தொழில் கணக்கில் நுழைகிறதா. கடைசிக் கேள்விக்கு நான் இருமினேன். இலாபம் காட்டியும் கையில் காசில்லாமல் தவித்ததற்குக் காரணம் பாக்கியிலும் சரக்கிலும் பணம் முடங்கியதே என்று ஒரு மணி நேரத்தில் புரியவைத்தார்.

நாம் எல்லோரையும் 'ஆடிட்டர்' என்று ஒரே பெயரில் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். தினக் கணக்கு எழுதுவது ஒரு வேலை, வரி தாக்கல் செய்வது ஒரு வேலை, தணிக்கை முற்றிலும் வேறு வேலை. எழுதியவரே தணிக்கை செய்தால் அது தணிக்கையே அல்ல. உனக்கு எது தேவை என்பதை முதலில் முடிவு செய். தொழில்முறை அமைப்பில் பதிவு பெற்றவரா என்று சரிபார். உன் அளவில் தொழில் செய்யும் அவருடைய வாடிக்கையாளர்கள் இருவரிடம் பேசு. எந்த வேலை, எந்தத் தேதிக்குள், என்ன கட்டணம், அவரது தவறால் அபராதம் வந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதி வாங்கு. அப்படி எழுதினாலும் வரித்துறை முதலில் தட்டுவது உன் கதவைத்தான். கணக்கு மென்பொருள் உன் பெயரிலும் கடவுச்சொல் உன் கையிலும் இருக்கட்டும். பழையவரிடமிருந்து என் கோப்புகளை மீட்க நான் நடந்த நடையைக் கேட்டால் சிரிப்பாய்.

மைத்துனர் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தவறு செய்தால் உன்னால் கடிந்துகொள்ள முடியுமா? நீ தவறு செய்தால் அவரால் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? விலக்க நேர்ந்தால் வீட்டில் யாரிடம் முதலில் பேசுவாய்?

பழைய ஆண்டுகளின் வரிக் கணக்கைத் திருத்தும் வேலை எனக்கு இன்னும் முடியவில்லை. நீ ஒப்படைப்பதற்கு முன் மைத்துனரை ஒரு மணி நேரம் எதிரில் உட்காரவைத்துப் பேசு. அவர் உன்னிடம் என்னென்ன கேட்டார் என்பதை எனக்கு எழுது. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் எழுதிக்கொண்டிராதே, உடனே தொலைபேசியில் கூப்பிடு. இந்தக் கடிதத்தை வானொலி நிலையத்தாரிடம் காட்டிவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் ஐம்பத்திரண்டு